பேர் வரேல்லையெண்டால் ஆள் இல்லையா?

ஒரு ஒபிசில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அவருக்கு ஒரு கதிரை கிடைக்கும். மேசை கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் முதல் கிழமையிலேயே அடையாள அட்டையும் கிடைக்கும். ஆனால் அவர் அந்த இடத்தில் உண்மையாகச் சேர்ந்த நாள் வேறு. இன்னொருவர் மின்னஞ்சல் எழுதத் தொடங்கி, பெறுநர் கட்டத்தில் இவருடைய பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடிக்க, முழுப்பெயரும் பதவியும் தானாக வந்து நிற்கிற நாள்தான் அது. அதுவரைக்கும் அவர் கதிரையில் இருக்கிற ஒரு விருந்தாளி மாதிரித்தான்.

சிலருக்கு அந்த நாள் வருவதேயில்லை. பெயரை அடித்தால் ஒண்டும் வராது. "ஆள் சிஸ்டத்தில இல்லையே" எண்டு ஒரு பதில் வரும், அதோடு கதை முடியும். இதை எல்லாரும் ஐ.டி. பிரிவின் சின்னத் தலையிடியாகத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. வேலைத்தல மின்னஞ்சல் இடாப்பில் ஒருவருடைய பெயர் விடுபடுவது தொழில்நுட்பக் கேள்வியாகத் தொடங்கினாலும், கனக்கத் தடவை ஒரு நிர்வாக முடிவில்தான் போய் முடிகிறது. அதனால் சேர்வர் எது, சொஃப்ட்வெயர் எது எண்டு சரியாகத் தெரியாத கலைப்பீடப் பிள்ளைகளும் இதைப் பற்றிக் கதைக்கலாம், கதைக்கவும் வேணும்.

ஒரு சொல் பற்றி முதலே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் "காணாமற்போன பெயர்கள்" எண்டு எழுதமாட்டோம். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு உரிய ஆட்கள் வேறு, அவர்களுக்காக வீதியோரம் இருக்கிற அம்மாமார் வேறு. ஒரு மின்னஞ்சல் விவகாரத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துப் பாவிக்க எங்களுக்கு மனமில்லை. "விடுபட்ட பெயர்கள்" எண்டே எழுதுகிறோம்.

இடாப்பு எங்கிருந்து வந்தது

பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு, கிராம சேவகரிடம் வாக்காளர் இடாப்பு எண்டு எங்களுக்கு இடாப்புகள் புதிதில்லை. ஒபிசின் மின்னஞ்சல் இடாப்பும் அதே இனம்தான். ஆட்களின் பெயர், பதவி, பிரிவு, மின்னஞ்சல் முகவரி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அவுட்லுக், ஜிமெயில் போன்ற செயலிகள் அதைப் பார்த்துப் பெயரை எடுத்துத் தரும். மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்சேஞ்சில் இதற்குப் பொது முகவரிப் பட்டியல் எண்ட மாதிரி ஒரு பெயர் இருக்கிறது. கூகிளின் அலுவலகச் சேவையில் டிரெக்டரி எண்டு சொல்வார்கள்.

இப்படிப்பட்ட இடாப்புகளுக்கு ஒரு சர்வதேசத் தரம் 1988ஆம் ஆண்டு வந்தது. பெயர் எக்ஸ்.500. அது பெரிய பாரமான ஏற்பாடாக இருந்தபடியால், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு இலகு வழி செய்தார்கள். எல்.டி.ஏ.பி. எண்டு அழைக்கப்படுகிற அந்த முறை 1993இல் எழுத்தில் வந்தது. இண்டைக்கும் உலகத்தின் எத்தனையோ அலுவலக இடாப்புகள் அதன் மொழியைத்தான் பேசுகின்றன.

இதில் எங்களுக்குச் சுவாரசியமான ஒரு விசயம் இருக்கிறது. அந்தத் தரத்தில் "ஆள்" எண்டு ஒரு வகை இருக்கிறது. ஒரு ஆளைப் பதியவேணும் எண்டால் இரண்டு கட்டங்கள் கட்டாயம் நிரப்பப்படவேணும். ஒண்டு வழக்கத்தில் உள்ள பெயர். மற்றது குடும்பப்பெயர். ரெலிபோன் இலக்கம் இல்லாமல் இருக்கலாம், விபரம் இல்லாமல் இருக்கலாம். குடும்பப்பெயர் இல்லாமல் ஆள் இல்லை!

எங்கட வீடுகளில் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்கும், அதுவும் கனபேருக்கு ஒரு எழுத்தாகச் சுருங்கி நிற்கும். பிள்ளையின் பெயர் பின்னுக்கு வரும். படிவத்தை நிரப்புகிற உத்தியோகத்தர் ஒருவர் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவார். இன்னொருவர் பிள்ளையின் பெயரையே அங்கே போடுவார். இரண்டு பேரும் பிழை செய்யவில்லை. இப்படிப் பெயர் வைக்கிற ஆட்களை மனதில் வைத்து அந்தப் படிவம் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

பெயர் ஏன் விடுபடுகிறது

ஒரு பெயர் தேடலில் வராமல் இருக்க நிறையக் காரணம் உண்டு. விளங்கிக்கொள்வதற்காக நாங்கள் அதை நாலாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

முதலாவது, பெயர் பிந்தி வருவது. இது உண்மையிலேயே பாரதூரமில்லாதது. கணினியில் இருக்கிற அவுட்லுக் ஒவ்வொரு தடவையும் சேர்வரிடம் போய்ப் பெயர் கேட்பதில்லை. இடாப்பின் ஒரு பிரதியைத் தன்னிடம் இறக்கி வைத்துக்கொண்டு அதில்தான் தேடுகிறது. அந்தப் பிரதியை வழமையாக 24 மணித்தியாலத்துக்கு ஒருதரம்தான் புதுப்பிக்கும். நேற்றுப் பின்னேரம் உருவாக்கிய கணக்கு இண்டைக்குக் காலமை தெரியாமல் இருப்பது இதனால்தான். கூகிளிலும் புது ஆளின் பெயர் இடாப்பில் வர 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம். சில ஒபிசுகளில் கணக்கை முதலில் உள்ளே இருக்கிற சேர்வரில் உருவாக்கி, அங்கிருந்து மைக்ரோசொஃப்ட்டின் கிளவுட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பயணம் சாதாரணமாக 30 நிமிடத்துக்கு ஒருதரம் நடக்கும். ஆக, ஒருநாள் பொறுக்கலாம். இரண்டு நாளும் பொறுக்கலாம். இரண்டு கிழமை ஆகியும் "கொஞ்சம் பொறுங்கோ, அப்டேட் ஆகும்" எண்டு சொன்னால் அதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, பெயர் இருக்கிறது, ஆனால் நாங்கள் தேடுகிற எழுத்தில் இல்லை. இது எங்கட ஆட்களுக்கு மிகவும் பழகின விசயம். யாழினி எண்ட பெயரை ஒருவர் ஆங்கிலத்தில் எல் போட்டு எழுதுவார். இன்னொருவர் இந்திய வழக்கத்தில் இசெட், எச் போட்டு எழுதுவார். விக்னேஸ்வரன் வி எழுத்திலும் தொடங்கலாம், டபிள்யூவிலும் தொடங்கலாம். சிவா என்பதற்கு எஸ்ஸுக்குப் பிறகு எச் வருமா வராதா எண்டு வீட்டுக்கு வீடு சண்டை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஏ.எல். சான்றிதழில் இன்னொரு எழுத்து எண்டு ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது எங்களுக்குள் பகிடியே இல்லை, அது சாதாரணம்.

இதுக்கு மேல் முதலெழுத்துப் பிரச்சினை. அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து "பெயர் மட்டும்" எண்ட தெரிவில் தேடினால், காட்சிப்பெயர் தொடங்குகிற இடத்திலிருந்துதான் அது பொருத்திப் பார்க்கும். காட்சிப்பெயர் "கே. சிவரூபன்" எண்டு பதியப்பட்டிருந்தால், "சிவ" எண்டு அடிக்கிற ஆளுக்கு அவர் அகப்படமாட்டார். அப்பாவின் முதலெழுத்துத் தெரிந்தவருக்குத்தான் பிள்ளை கிடைப்பார். தேடலில் "கூடுதல் நிரல்கள்" எண்ட மற்றத் தெரிவைப் போட்டால் மற்றக் கட்டங்களிலும் தேடும். ஆனால் அப்படியொரு தெரிவு இருக்கிறதெண்டு எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது, கணக்கு அரைகுறையாக இருப்பது. கணக்கை உருவாக்கியிருப்பார்கள், ஆனால் மின்னஞ்சலுக்கான உரிமத்தை ஒதுக்கியிருக்கமாட்டார்கள். ஆளுக்கு உள்நுழைவுப் பெயர் இருக்கும், அஞ்சல் பெட்டி இருக்காது, அதனால் இடாப்பிலும் பெயர் இருக்காது. அல்லது, உள்ளே இருக்கிற சேர்வரில் புது ஆட்களுக்கெண்டு தனியாக ஒரு கோப்புறை வைத்து, அந்தக் கோப்புறையைக் கிளவுட்டுக்குப் போகிற பட்டியலில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அப்படியெண்டால் எத்தனை 30 நிமிடம் போனாலும் அந்தப் பெயர் மேலே போகாது. அல்லது, ஒப்பந்தம் முடிந்ததெண்டு கணக்கை அழித்துவிட்டு, ஒப்பந்தம் புதுப்பித்ததை ஐ.டி. பிரிவுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். அழித்த கணக்கை மைக்ரோசொஃப்ட் சேவையில் 30 நாளுக்குள்ளும், கூகிளில் 20 நாளுக்குள்ளும் மீட்கலாம். அதுக்குப் பிறகு பழைய மின்னஞ்சல்களோடு சேர்த்துப் போனது போனதுதான். ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த நாட்கணக்கு மிக முக்கியம். ஒப்பந்தம் புதுப்பிக்கிற கடிதம் ஒரு மாதம் பிந்துவது எங்கட நாட்டில் புதினமில்லை.

நாலாவது, பெயர் மறைக்கப்பட்டிருப்பது. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்கும் "முகவரிப் பட்டியலில் காட்டாதே" எண்டு ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அஞ்சல் பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். முழு முகவரியை அடித்து அனுப்பினால் போய்ச் சேரும். ஆனால் பெயர் சொல்லித் தேடினால் ஆள் இல்லை. இதைவிட, யார் யாருக்கு இடாப்பின் எந்தப் பகுதி தெரியவேணும் எண்டு பிரித்துவைக்கிற கொள்கைகளும் உண்டு. அப்படிப் பிரித்த இடத்தில் ஒருவரின் கண்ணுக்குத் தெரிகிற பெயர் மற்றவரின் கண்ணுக்குத் தெரியாது.

முதல் மூன்றும் தாமதம், எழுத்து, கவனக்குறைவு. நாலாவதை அப்படிச் சொல்லமுடியாது. யாரோ ஒருவர் இருந்து யோசித்து அந்தத் தெரிவைப் போட்டிருக்கிறார்.

எங்கட பட்ச்சில் நடந்தது

எங்கட பட்ச்சில் நாலு பேர் மூன்று மாதப் பயிற்சிக்குக் கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள். நாலு பேருக்கும் ஒபிஸ் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். மூன்றாம் கிழமை, பயணக் கொடுப்பனவுக்கான படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரச்சொல்லி ஒரு மின்னஞ்சல் போனது. நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் போனது. மற்ற இரண்டு தோழிகளுக்கும் திங்கட்கிழமைதான் விசயம் தெரியும். வத்தளையில் அறை எடுத்து, ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்த பிள்ளைகளுக்கு அந்தக் காசு சின்னக் காசில்லை.

கேட்கப்போன இடத்தில் கிடைத்த முதல் பதில், "நீங்கள் மெயில் பாக்கிறேல்லையா?" என்பது.

எல்லாருமாகச் சேர்ந்து ஒவ்வொண்டாகப் பார்த்தோம். முதலில் அவர்களுடைய முழு முகவரியையும் அடித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஆக, அஞ்சல் பெட்டி இருக்கிறது. பிறகு உலாவியில் அவுட்லுக்கைத் திறந்து பெயரைத் தேடினோம். உலாவியில் திறப்பது கணினியில் இறக்கின பழைய பிரதியைப் பார்ப்பதில்லை, நேராகச் சேர்வரிடம் கேட்கும். அங்கேயும் பெயர் இல்லை. ஆக, தாமதமும் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தோம், அப்பாவின் முதலெழுத்தில் தொடங்கியும் தேடினோம். இல்லை. பக்கத்து மேசைக்காரி மட்டும் "எனக்கு வருதே" எண்டா. அவவுக்கு வந்தது இடாப்பிலிருந்து இல்லை. முந்தி ஒருதரம் எழுதின ஞாபகத்தில் அவுட்லுக் தானாக எடுத்துத் தருகிற பழைய பரிந்துரை அது.

அதுக்குப் பிறகு ஐ.டி. பிரிவில் இருந்த அண்ணாவிடம் போனோம். அவர் திரையில் ஒரு பத்து நிமிடம் பார்த்தார்.

"தங்கச்சி, ரெண்டு பேரும் ஹைட் பண்ணியிருக்கு. ட்ரெயினிங்குக்கு வாறாக்களை லிஸ்டில போடவேண்டாமெண்டு முந்தியே சொல்லியிருக்கினம்."

"அப்ப மற்ற ரெண்டு பேருக்கும் எப்பிடி வருது அண்ணா?"

"அது புதுசா வந்த பெடியன் செய்தது. அவனுக்கு இந்த ரூல் தெரியாது."

இதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பெயர் வராத இரண்டு பேர்தான் பிரச்சினை எண்டு தேடிக்கொண்டு போனால், சிஸ்டத்தின்படி பெயர் வந்த இரண்டு பேர்தான் பிழை! இடாப்பு தன்னுடைய வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர் பெயர் சொல்லித் தேடப்படத் தேவையில்லாதவர் எண்டு ஒருவர் ஒருநாள் முடிவெடுத்தார், மெஷின் அதை மறக்காமல் வைத்திருந்தது.

கடைசியில் படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மின்னஞ்சல் கிடைக்காமற்போன காரணத்தை விளக்கி இரண்டு தோழிகளும் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கவேணும்.

சான்று யார் தரவேணும்

எங்களுக்கு உறைக்கிற இடம் அந்தக் கடிதம்தான். பெயரை மறைத்தது ஒபிஸ். மறைத்ததை மறந்ததும் ஒபிஸ். விளக்கம் எழுதுவது மட்டும் மறைக்கப்பட்ட ஆள்.

இந்தப் பழக்கம் எங்கட நாட்டுக்குப் புதிதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டதும் சான்றுதான். உன்னுடைய தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையெண்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, பத்திரம் எங்கே எண்டு கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? அடுத்த வருடமே தேர்தல் சட்டத்தை மாற்றி வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்களை வெளியே வைத்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை.

ஒரு மின்னஞ்சல் இடாப்பையும் குடியுரிமையையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. பறிபோன வாக்குரிமைக்கும் மூன்று நாள் பிந்தின படிவத்துக்கும் ஒப்பே கிடையாது. ஆனால் இரண்டிலும் இருக்கிற பழக்கம் ஒண்டு. இடாப்பைத் தங்களிடம் வைத்திருப்பவர்கள், அதில் பெயர் இல்லாதவரைப் பார்த்து "ஏன் இல்லை எண்டு நீ சொல்லு" எண்டு கேட்பது. பெரிய இடாப்புகளில் இதைப் பார்த்துக் கோபப்படுகிற நாங்கள், தினமும் திறக்கிற சின்ன இடாப்புகளில் இதைக் கண்டும் காணாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

இன்னொரு விசயம். எங்கட தோழிகளுக்காவது அஞ்சல் பெட்டி இருந்தது. அதே ஒபிசில் வாகனம் ஓட்டுகிற அண்ணாமார், துப்புரவு செய்கிற அக்காமார், வாசலில் நிற்கிற பாதுகாப்பு ஐயா, இவர்கள் யாருக்கும் கணக்கே இல்லை. லீவு மாறினது, சம்பளத் திகதி மாறினது, மருத்துவக் காப்புறுதிப் படிவம் வந்தது எல்லாம் மின்னஞ்சலில்தான் போகிறது. அவர்களுக்கு யாராவது வாயால் சொன்னால் உண்டு. "எல்லா ஊழியர்களுக்கும்" எண்டு தலைப்பிட்டு வருகிற ஒரு மின்னஞ்சலில் உண்மையில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் எண்டு எண்ணிப் பார்த்தால்தான் ஒரு வேலைத்தலத்தின் உண்மையான படிநிலை விளங்கும்.

மறுபக்கமும் இருக்கிறது

நாங்கள் சொல்வதற்கு மறுப்பு இருக்கிறதெண்டு தெரியும். அவற்றில் இரண்டு நியாயமானவை.

ஒண்டு, பாதுகாப்பு. எல்லாருடைய பெயரும் முகவரியும் இலக்கமும் எல்லாருக்கும் தெரிந்தால், ஒரு கணக்கைக் களவெடுத்தவனுக்கு முழு ஒபிசின் இடாப்பும் கையில் வந்த மாதிரி. பொய் மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு அதைவிட என்ன வேணும்? அதோடு, தன்னுடைய பெயர் தேடலில் வருவதை விரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் "ஹாய்" எண்டு வருகிற செய்திகளின் அலுப்பு எங்களுக்கும் தெரியும். அதனால் மறைக்கிற தெரிவே இருக்கக்கூடாதெண்டு நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தெரிவை யார் போடுவது என்பதுதான் கேள்வி. தான் மறைந்திருக்க விரும்புகிறவர் கேட்டுப் போடுவது அவருடைய உரிமை. அவருக்கே தெரியாமல் போடுவது வேறு விசயம்.

மற்றது, ஐ.டி. ஆட்களின் வேலைச்சுமை. கன ஒபிசுகளில் ஒரே ஒருவர் பிரிண்டரும் பார்த்து, வைபையும் பார்த்து, மேலதிகாரியின் போனும் திருத்திக்கொண்டுதான் இடாப்பையும் பார்க்கிறார். அவரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. இந்த இடாப்பின் பிழைகள் பாதிக்குமேல் அவருடைய அறைக்கு வெளியே தொடங்குபவை. ஆள் சேர்ந்தது, பிரிவு மாறினது, ஒப்பந்தம் நீண்டது, பெயர் எழுதுகிற முறை, இதெல்லாம் மனிதவளப் பிரிவிலிருந்து அவருக்கு நேரத்துக்கு வரவேணும். வராவிட்டால் அவர் என்ன செய்வார்?

எங்களுக்கு என்ன வேணும்

பெயர் வரவில்லையெண்டு யாராவது சொன்னால், முதல் கேள்வி "மெயில் பாக்கிறேல்லையா" எண்டு இருக்கக்கூடாது. முழு முகவரிக்கு அனுப்பினால் போகிறதா, உலாவியில் தேடினால் வருகிறதா, ஒரு கணினியில் மட்டும் வரவில்லையா எல்லாரிடமும் வரவில்லையா. இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். முகவரிக்குப் போகிறது, ஆனால் எவருடைய தேடலிலும் இல்லையெண்டால், எழுத்தையும் மாற்றிப் பார்த்தபிறகு, மறைத்திருக்கிறதா எண்டு நேராகவே கேட்கவேணும். முகவரிக்கே போகவில்லையெண்டால் கணக்கு, உரிமம், கிளவுட்டுக்குப் போகிற பட்டியல் எண்டு தேடவேணும். ஒரு ஆளுக்கு மட்டும் அனுப்ப முடியாமல் திரும்பி வருகிறதெண்டால், தானாக வருகிற பழைய பரிந்துரையை அழித்துவிட்டு இடாப்பிலிருந்து புதிதாக எடுத்து அனுப்பிப் பார்க்கவேணும். கணக்கை அழித்துத் திரும்ப உருவாக்கின இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

பெயரை அந்த ஆள் எழுதுகிற மாதிரியே எழுதவேணும். சேர்கிற நாளிலேயே "உங்கட பெயர் தேடலில் எப்படி வரவேணும்" எண்டு கேட்க ஒரு நிமிடம் போகாது. அதோடு தமிழிலும் சிங்களத்திலும் பெயர் தேடக்கூடியதாக இருக்கவேணும். தமிழ் எழுத்து 1991இல் வந்த முதலாவது யுனிக்கோட் பதிப்பிலேயே இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பெயர்ப்பலகையில் மூன்று மொழி போடுகிற அலுவலகம், தேடல் கட்டத்தில் ஒரே மொழியில் நிற்பதற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை. மைக்ரோசொஃப்ட்டின் அக்டிவ் டிரெக்டரியில் பெயரின் ஒலிப்பைத் தனியாக எழுத ஒரு கட்டமே இருக்கிறது. கன்ஜி எழுத்தைப் பார்த்து மட்டும் ஒரு பெயரை எப்படி வாசிப்பதெண்டு தெரியாது என்பதால் ஜப்பானியருக்கு அது பயன்படுகிறது. கேட்டவர்களுக்குக் கட்டம் கிடைத்திருக்கிறது. நாங்கள் எங்கே கேட்டோம்?

பயிற்சியாளர், ஒப்பந்தக்காரர், நாட்சம்பளக்காரர் எண்டு எந்தப் பிரிவையும் மொத்தமாக மறைக்கிற விதி இருந்தால் அது எழுத்தில் இருக்கவேணும். மறைக்கப்படுகிறவருக்கு முதல்நாளே சொல்லவும் வேணும். அரச நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இதைக் கேட்க எங்களுக்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும். எங்களைப் பற்றிப் பிழையாகவோ குறையாகவோ வைத்திருக்கிற தரவைத் திருத்தக் கேட்கிற உரிமை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் இருப்பது மேசைக்கு வர நாளெடுக்கும்தான். ஆனால் கேட்காமல் ஒண்டும் வராது.

எல்லாத்துக்கும் மேலாக, இடாப்பில் பெயர் இல்லாததால் ஒருவருக்குக் கிடைக்காமற்போன கொடுப்பனவோ, விண்ணப்பத் திகதியோ, பரீட்சை அறிவித்தலோ அவருடைய குற்றமாகக் கணக்கில் எடுக்கப்படக்கூடாது. விளக்கக் கடிதம் எழுதவேணுமெண்டால் இடாப்பை வைத்திருக்கிறவர் எழுதட்டும்.

இதை வாசிக்கிற நீங்கள் நாளைக்கு எங்காவது பயிற்சிக்குப் போவீர்கள், வேலைக்குப் போவீர்கள். சிலவேளை இந்த இடாப்பை வைத்திருக்கிற கதிரையிலேயே போய் இருப்பீர்கள். போன முதல் கிழமையில் ஒரு வேலை செய்யுங்கோ. முதலில் உங்கட பெயரை அடித்துப் பாருங்கோ. பிறகு உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்த அக்காவின் பெயரைக் கேட்டு, அதையும் அடித்துப் பாருங்கோ. வராவிட்டால், ஏன் வரவில்லை எண்டு அவவிடம் கேட்காதேங்கோ. கேட்கவேண்டிய அறை வேறு.